மீந்த பலம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்றொரு ஊர் இருக்கிறது. கெல்லாக் என்ற பெயர் போட்ட தானியப் பொட்டலங்கள் பிறந்த ஊர். அங்கே பல மாடிகளோடு நிற்கும் பெருங்கட்டடம் ஒன்று, டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் நடத்திய ஆரோக்கிய விடுதியாக இருந்தது. 1930களின் பெருமந்தத்தில் விடுதி நொடித்துப்போனது. 1942இல் ராணுவம் அதை வாங்கி பெர்சி ஜோன்ஸ் மருத்துவமனை ஆக்கியது. இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1945 ஏப்ரலில், இத்தாலியில், ஒரு வார இடைவெளியில் காயம்பட்ட இருவர் அங்கே சந்தித்துக்கொண்டார்கள்: வலக்கை செயலிழந்த பாப் டோல், வலக்கையையே இழந்த டேனியல் இனோயே. நார்மண்டிக் கடற்கரையில் காயம்பட்ட ஃபிலிப் ஹார்ட்டும் அங்கே இருந்தவர்தான். மூவரும் பிற்காலத்தில் செனட்டர்கள் ஆனார்கள். 2003இல் அந்தக் கட்டடத்துக்கு மூவரின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

அமெரிக்க ராணுவம் தனக்கு இனி வேண்டாத பொருள்களைக் கைகழுவும் அலுவலகத்தின் தலைமையகம் இருப்பது இந்தக் கட்டடத்தில்தான். விறகு ஏற்றுவதற்கு ஒரு பழைய ராணுவ டிரெய்லரை ஏலத்தில் எடுக்கப்போன இடத்தில்தான் நான் இந்த விவரத்தைத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து மனசை விட்டு அகலவில்லை. போருக்கு இனி ஆகமாட்டார்கள் என்று ராணுவம் வீட்டுக்கு அனுப்பிய மூன்று பேர், அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஒரு நாட்டின் சட்டங்களை எழுதினார்கள். 'தேவையில்லை' என்கிற சொல், சொல்பவருடைய தேவையை மட்டும்தான் அளக்கிறது. விலக்கப்பட்டவரிடம் இன்னும் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதை அது அளப்பதே இல்லை. மனிதர்களையும் இரும்பையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரே கூரைக்குக் கீழே வரலாறு இரண்டையும் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வடக்கு மிச்சிகனில் நவம்பரில் இறங்கும் குளிர் ஏப்ரலில்தான் விடைபெறும். எங்கள் வீட்டில் விறகுக் கணப்புதான். காட்டோர வீடுகளில் இது இங்கே சாதாரணம். விறகைச் சரக்காக வாங்கினால் வாசலில் கொட்டிவிட்டுப் போவார்கள். நாமே வெட்டிக் கொண்டுவர வேண்டுமென்றால் பிக்கப் வண்டியின் பின்பெட்டி போதாது. அதற்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கரப் பெட்டி வேண்டும். கடைகளில் புதிதாக விற்கும் டிரெய்லர்களின் அடித்தளம் மெல்லிய பலகை, பக்கச்சட்டம் கம்பி வலை. காட்டுத் தடத்தின் வேரிலும் பள்ளத்திலும் ஒரு பருவம் அடிபட்டால் வெல்டிங் விட்டுப்போகும். அதனால்தான் இந்தப் பக்கத்து விறகுக்காரர்கள் பலர் ராணுவக் கழிவு ஏலங்கள்மேல் ஒரு கண் வைத்திருக்கிறார்கள்.

ராணுவம் ஒரு பொருளைக் கைவிடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் மற்ற படைப்பிரிவுகளுக்குக் கேட்பார்கள். அடுத்து மற்ற மத்திய அரசுத் துறைகள். பிறகு மாநில அரசுகள், உள்ளாட்சிகள், தகுதியுள்ள பொதுநல அமைப்புகள். யாரும் வேண்டாம் என்றால்தான் பொது ஏலம். இந்த வரிசையில் நான் மிகவும் மதிப்பது தீயணைப்புக்குப் போகும் பங்கை. மிச்சிகனின் ராஸ்காமன் என்ற சிற்றூரில் 1972 முதல் ஒரு பட்டறை இயங்குகிறது. ராணுவம் கழித்த லாரிகளை எப்படிக் காட்டுத்தீ அணைக்கும் வண்டிகளாக மாற்றுவது என்று வரைபடம் போட்டு, செய்துபார்த்து, நாடெங்குமுள்ள மாநில வனத்துறைகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. பணம் இல்லாத கிராமத்துத் தொண்டர் தீயணைப்புப் படை ஒன்றுக்கு அப்படி ஒரு வண்டி கிடைத்தால், அந்த ஊரின் கோடைகாலமே வேறுமாதிரி ஆகிவிடும்.

இந்தக் கைவிடல் இப்போது தொடங்கியதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, 1944இல், உபரிச் சொத்துச் சட்டம் வந்துவிட்டது. மலைமலையாகக் குவிந்த தளவாடங்களை விற்றுத் தீர்க்க 1946இல் தனி நிர்வாகமே அமைத்தார்கள். சொற்ப டாலருக்கு ஜீப் என்று பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் பல பத்தாண்டுகள் விளம்பரம் வந்துகொண்டிருந்தது. காசு அனுப்பிய பையன்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஏலத்தில் எப்படிக் கலந்துகொள்வது என்று சொல்லும் ஒரு சிறு புத்தகம். அந்த ஜீப்பின் கதையிலேயே டிரெய்லரின் கதையும் இருக்கிறது. 1940 செப்டம்பரில் முதல் ஜீப் மாதிரியைச் செய்து ராணுவத்திடம் ஒப்படைத்தது பென்சில்வேனியாவின் பட்லர் ஊரிலிருந்த பாண்டம் என்ற சிறு கம்பெனி. பெரிய கொள்முதல் ஆணைகளோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டன. பாண்டம் போர்க்காலத்தில் ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர்களைச் செய்தது. தான் கண்டுபிடித்த வண்டிக்குப் பின்னால் வரும் பெட்டியைச் செய்து பிழைத்த தொழிற்சாலை அது. அந்தச் சிறு டிரெய்லர்கள் இன்றும் பண்ணைகளில் ஓடுகின்றன. பாண்டம்தான் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த ஏலச் சரக்கின் மலிவு உண்மையான மலிவு இல்லை. அதன் விலை ஏற்கெனவே வரிப்பணமாகக் கட்டப்பட்டுவிட்டது. தேவைக்கு மேல் செய்து குவிக்கும் ஒரு போர்ப் பொருளாதாரத்தின் விளிம்பில் சிந்துவதைத்தான் நாங்கள் பொறுக்குகிறோம். ஹம்வீ வண்டிகளை நெடுங்காலம் பொதுமக்களுக்கு விற்காமல் வெட்டி நொறுக்கித்தான் போட்டார்கள். 2014 டிசம்பரில்தான் முதல்முறையாகப் பொது ஏலத்துக்கு விட்டார்கள். நொறுக்குவதைவிட விற்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தேவைக்கு மேல் செய்யாமலே இருந்திருந்தால் இன்னும் நல்லது என்பதிலும் சந்தேகமில்லை.

நான் எடுத்தது எம்101ஏ2 வகை. முக்கால் டன் டிரெய்லர் என்று ராணுவத்தில் பெயர். 1950களின் டாட்ஜ் லாரிக்காகத் தொடங்கிய வம்சத்தில் பிந்திய பிள்ளை. காலி எடை சுமார் 1,350 பவுண்டு. பெட்டி முழுக்க எஃகுத் தகடு, முன்னால் முக்கோணமாகக் கூடும் இரண்டு இழுசட்டங்கள், அவை கூடும் முனையில் கட்டைவிரலைவிடப் பருத்த ஓர் இரும்பு வளையம். இப்போதெல்லாம் ஏலம் கணினித் திரையில்தான். சரக்கு 'இருக்கும் நிலையில், இருக்கும் இடத்தில்' விற்கப்படும். அதன் பொருள், பிறகு வந்து முறையிட இடமில்லை. அதனால் கேள்விக்கு முன் பார்வைநாள் என்று ஒன்றைக் குறித்திருப்பார்கள். அன்றைக்குப் போய்ப் பார்க்காமல் ஏலம் கேட்பது எனக்குச் சம்மதமில்லை. படத்தில் துரு தெரியும், துருவின் ஆழம் தெரியாது.

பார்வைநாளில் மற்றவர்கள் பார்ப்பதைப் பார்ப்பதும் ஒரு படிப்பு. பழைய ஜீப் ஒன்றைச் சீர்செய்து வைத்திருப்பவர் தகட்டில் உள்ள வரிசை எண்ணைத்தான் முதலில் படிப்பார். மறுவிற்பனைக்காரர் பத்தடி தள்ளி நின்று பெயிண்டைப் பார்ப்பார். மான் வேட்டைக் குடிசைக்காரர் பெட்டியின் நீளத்தைக் காலடியால் அளப்பார். 1971இல் எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள் மூன்று பேர் எழுதிய கட்டுரையிலிருந்து 'வென்றவனின் சாபம்' என்ற கருத்து பிரபலமானது. எல்லோருக்கும் ஒரே மதிப்புள்ள ஒரு சரக்கை, அதன் மதிப்பு சரியாகத் தெரியாமல் பலர் கேட்கும்போது, அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டவரே வெல்வார் என்பது அதன் சாரம். கடலடி எண்ணெய்க்கு அது பொருந்தலாம். விறகு டிரெய்லருக்கு முழுக்கப் பொருந்தாது. அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அந்தப் பெட்டி வேறு வேறு பொருள். எனக்கு அது எத்தனை குளிர்காலம் என்று நான் கணக்குப் போட்டு, அதற்கு மேல் ஒரு டாலரும் இல்லை என்று ஒரு தொகையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ஏலத்தின் கடைசி நிமிடங்களில் மனசு செய்யும் வேலைகளுக்கு எதிராக அந்தத் தாள் ஒன்றுதான் துணை.

பழைய டிரெய்லரைப் பார்க்கும்போது பெட்டியைப் பார்க்கத் தோன்றும். பெட்டியை எந்த வெல்டரும் ஒட்டிக் கொடுத்துவிடுவார். பார்க்க வேண்டியது கீழே. இழுசட்டம் அடிச்சட்டத்தோடு சேரும் மூலையில் குனிந்து, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல எஃகு கணீரென்று பதில் சொல்லும். உள்ளே அரித்துப்போன இடம் மட்டும் மொத்தென்று ஒலிக்கும். பட்டை வில்களில் ஏதாவது ஓர் இதழில் மயிரிழைப் பிளவு இருக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும், கண் ஏமாற்றும். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் கசிந்து தூசி அப்பியிருந்தால் சீல் போய்விட்டது, பேரிங்கையும் மாற்ற வேண்டியிருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். முதல் இரண்டும் செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. நான் பார்த்த பெட்டியின் டயர்கள் தேயவே இல்லை, ஆனால் பக்கச்சுவரெல்லாம் வெடிப்பு. ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டது அதிகம். நீர் வடிய விட்டிருந்த ஓட்டைகள் பைன் ஊசிகளால் அடைபட்டு, மூலையில் மண் சேர்ந்து, அதில் ஒரு பிர்ச் கன்று விரல் உயரத்துக்கு முளைத்திருந்தது. மண்ணைச் சுரண்டிவிட்டுக் கீழே தட்டினேன். கணீரென்றது. எழுதி வைத்த தொகைக்குள்ளேயே ஏலம் படிந்தது. வண்டியோடு படிவம் 97 என்ற காகிதம் ஒன்று தருவார்கள். அதைக் காட்டித்தான் மாநிலத்தில் உரிமைப் பத்திரம் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு காலாட்படைச் சாமான் குடியானவன் சாமான் ஆகும் இடம் அந்த ஒற்றைத் தாள்.

டிரெய்லரின் முன்பக்கத்தில் ஆணியடித்த தகடு ஒன்று இருக்கிறது. பெயர், வரிசை எண், பதின்மூன்று இலக்கச் சரக்கு எண். அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கம் 2330, டிரெய்லர் வகைக்கான எண். அதற்குக் கீழேதான் எனக்கு மிகப் பிடித்த வரிகள். இந்த வண்டி ஏற்றக்கூடிய பாரம் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. தார்ச்சாலையில் 2,250 பவுண்டு. தடமில்லாத நிலத்தில் 1,500 பவுண்டு. எனக்குத் தெரிந்த கடை டிரெய்லர்களில் ஒரே ஓர் எண்தான் இருக்கும், அதுவும் விற்பதற்கு வசதியான எண்ணாக இருக்கும். பலம் என்பது நிலத்தைப் பொறுத்து மாறும் என்று ஒத்துக்கொண்டு, அதை உலோகத்தில் பொறித்தும் வைத்த பொறியாளர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இந்த இரண்டு எண்களையும் விறகுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். இங்கே விறகின் அளவு கார்டு. நான்கடி உயரம், நான்கடி அகலம், எட்டடி நீளத்துக்கு நெருக்கமாக அடுக்கினால் ஒரு கார்டு, 128 கன அடி. வெட்டிக் காயாத சிவப்பு ஓக் ஒரு கார்டு கிட்டத்தட்ட 4,900 பவுண்டு இருக்கும். காயாத வெள்ளை ஆஷ் மரம் சுமார் 4,000 பவுண்டு. என் பெட்டியைப் பக்கத்தகட்டின் விளிம்புவரை அடுக்கினால் அரை கார்டை நெருங்கும். ஆஷ் என்றால் 2,000 பவுண்டு. தார்ச்சாலைக்கு அது சரி, காட்டுத் தடத்துக்கு அதிகம். விறகு கிடப்பதோ காட்டில். ஆகவே காட்டுக்குள் பெட்டி ஒருபோதும் நிரம்பாது. மூன்றில் ஒரு பங்கு கார்டோடு நிறுத்திக்கொண்டு, பெட்டியில் வெற்றிடம் தெரிய வெளியே வர வேண்டும். இடம் இருக்கிறதே, இன்னும் நாலு கட்டை போடலாமே என்று கை பரபரக்கும். கண்ணுக்குத் தெரியும் இடமும் அச்சு தாங்கும் எடையும் வேறு வேறு என்பதைக் கைக்குப் புரியவைக்கக் கொஞ்ச காலம் ஆகிறது.

எடையோடு அதை வைக்கும் இடமும் முக்கியம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். ஒற்றை அச்சு டிரெய்லரும் அதே வண்டிதான். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். அதற்குக் குறைந்தால், மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில் பெட்டி வாலாட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் கூடிக்கூடி, இழுக்கிற வண்டியையே திருப்பிப்போட்டுவிடும். கனத்த அடிக்கட்டைகளை அச்சுக்குச் சற்று முன்னால் கிடத்தி, பிளந்த லேசான விறகைப் பின்னால் நிரப்புவதுதான் முறை. இந்த ஒரு விஷயத்தில் என் ஊரின் வண்டிக்காரர்களும் அமெரிக்க ராணுவத்தின் கையேடும் ஒரே கட்சி.

வாங்கி வந்தபின் பார்க்க வேண்டிய வேலைகள் பெரும்பாலும் சலிப்பானவை. டயர், பேரிங், சீல், கொஞ்சம் வெல்டிங். ராணுவ வளையத்துக்கு வீட்டு வண்டியின் உருண்டைக் கொக்கி பொருந்தாது, தாடைபோலத் திறந்து மூடும் கொக்கி மாட்ட வேண்டும். பள்ளம் மேட்டில் வண்டி ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாயும்போது இந்த வளையம் தாராளமாக இடம்கொடுக்கும். தார்ச்சாலையில் கடகடவென்று ஓசை போடும், பொறுத்துக்கொள்ளலாம். மின்சாரம்தான் முழுக்க மாற்ற வேண்டியது. ராணுவ வண்டிகள் 24 வோல்ட், நம் வண்டி 12.

விளக்குகளைக் கழற்றும்போதுதான் இருட்டடிப்பு விளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சிவப்புப் பின்விளக்கின் கூட்டுக்குள்ளேயே, பூனைக்கண்போலச் சின்னச் சின்னப் பிளவுகள். எதிரி விமானம் பார்த்துவிடாமல் இரவில் வண்டிகள் வரிசையாகப் போக வேண்டுமென்றால், முன்னால் போகிற வண்டியின் இந்தப் பிளவுகள் மட்டுமே பின்னால் வருபவனுக்கு வழிகாட்டி. என் பக்கத்து நிலத்துக்காரர் இளமையில் நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படையில் லாரி ஓட்டியவர். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கேம்ப் கிரேலிங், நாட்டிலேயே பெரிய நேஷனல் கார்டு பயிற்சி முகாம், 1,40,000 ஏக்கருக்கும் மேல். அங்கே பைன் காட்டு மணல் தடங்களில் இரவு முழுக்க இந்த வெளிச்சத்தை மட்டும் நம்பி ஓட்டியிருக்கிறார். விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதன் சூட்சுமத்தை அவர்தான் சொன்னார். 60 அடிக்குள் நெருங்கிவிட்டால் நான்கு புள்ளி தெரியும். 60க்கும் 180க்கும் இடையில் இருந்தால் அவை இரண்டாகச் சேர்ந்துவிடும். அதற்கும் பின்தங்கினால் ஒன்றே ஒன்று. ஓட்டுகிறவன் இரண்டு புள்ளியைக் கண்ணில் வைத்துக்கொண்டே போக வேண்டும். மனிதக் கண் எவ்வளவு தூரத்தில் இரு புள்ளிகளைப் பிரித்தறிய முடியாமல் திணறுமோ அந்தக் குறையையே அளவுகோலாக ஆக்கியிருக்கிறார்கள். கொல்லும் தொழிலுக்காகச் செய்யப்பட்ட பொருளில் இவ்வளவு நுட்பமான அக்கறை இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒரே நேரத்தில் வியப்பும் வருத்தமும் வருகிறது. புதிய விளக்குகளைப் பக்கத்தில் மாட்டினேன். அந்தப் பழைய கூட்டை எடுத்தெறிய மனம் வரவில்லை.

டிரெய்லர் இப்போது பெரும்பாலும் சுமப்பது செத்த ஆஷ் மரங்களை. 2002இல், டெட்ராய்ட் நகரின் சுற்றுப்புறத்தில், ஆஷ் மரங்கள் ஏன் சாகின்றன என்று தேடியவர்கள் மரகதப் பச்சையாக மின்னும் ஒரு சிறு வண்டைக் கண்டுபிடித்தார்கள். கிழக்காசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டங்களோடு வந்திருக்க வேண்டும். கண்டுபிடிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1990களிலேயே, குடியேறிவிட்டது என்று மரவளையங்களை எண்ணிப் பிறகு தெரிந்துகொண்டார்கள். வண்டின் புழு பட்டைக்கு அடியில் பாம்புபோல வளைந்து வளைந்து தின்றுகொண்டே போகும். மரத்தின் உணவு ஓட்டம் அறுந்து, சில ஆண்டுகளில் நின்ற நிலையிலேயே செத்துவிடும். வண்டு வெளியேறும் துளை ஒரு பக்கம் தட்டையான அரைவட்டமாக, ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு அகலத்தில் இருக்கும். பட்டையை உரித்தால் அடியில் தெரியும் கோடுகளை முதல்முறை பார்த்தபோது யாரோ உளியால் எழுதியதுபோல இருந்தது. இப்படிச் செத்த மரங்கள் கோடிக்கணக்கில். செத்த ஆஷ் சீக்கிரமே நொறுங்கும் தன்மை அடைந்துவிடும், வெட்டும்போது உச்சிக்கிளை எதிர்பாராமல் முறிந்து விழும். இந்த மரத்தை வெட்டும்போது அனுபவசாலிகளே ஒரு முறைக்கு இரு முறை மேலே பார்க்கிறார்கள். ஆனால் விறகாக அதற்கு இணையில்லை. பச்சையிலேயே ஈரம் குறைவு, கோடரி பட்டால் நேராகப் பிளக்கும், நின்று எரியும்.

அந்த வண்டு நாடு முழுக்கப் பரவியதில் விறகுக்குப் பெரிய பங்கு உண்டு. வண்டு தானாகப் பறந்தால் ஆண்டுக்குச் சில மைல்தான் போகும். கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள் வண்டியில் போட்டுக்கொண்டு போன நாலு கட்டை விறகு அதை ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மைல் கொண்டுபோய்விட்டது. மத்திய அரசு போட்டிருந்த நகர்த்தல் தடையை 2021 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள், தடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்ற முடிவோடு. ஓக் வாடல் நோய் போன்ற அடுத்த ஆபத்துகள் இருக்கவே இருக்கின்றன. அதனால் வனத்துறைகளும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: விறகை வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே எரியுங்கள், பத்து மைலுக்குள் என்றால் நல்லது, ஐம்பது மைல் மிக அதிகம். எந்தப் போர்க்களத்துக்கும் கொண்டுபோகலாம் என்று கட்டப்பட்ட ஒரு வண்டியை நான் பத்து மைல் வட்டத்துக்குள் வைத்திருக்கிறேன். இந்த வட்டத்தை நான் கட்டுப்பாடாக நினைப்பதில்லை. இழுக்கும் வசதி கைக்கு வந்தவன்தான் தூரத்தைப் பற்றி யோசிக்கவேண்டியவன்.

என் நிலத்தின் தாழ்ந்த ஓரத்தில், ஆண்டில் பாதி நாள் தண்ணீர் நிற்கும் சதுப்பில், கருப்பு ஆஷ் மரங்கள் சில இருக்கின்றன. வெள்ளை ஆஷுக்கு நெருங்கிய உறவு, குணம் வேறு. இந்த ஏரி நாட்டின் அனிஷினாபே மக்கள், அதாவது ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி இனத்தவர், தலைமுறை தலைமுறையாகக் கூடை முடைவது இந்த மரத்தில்தான். அடிமரத்தைக் கோடரியின் முதுகால் விடாமல் அடித்துக்கொண்டே வருவார்கள். வசந்தத்தில் வளர்ந்த துளைமிகுந்த மரம் நசுங்கி, அந்தந்த ஆண்டின் வளையம் தனித்தனி நாடாவாக உரிந்து வரும். ஒரு மரத்தின் ஓராண்டு வளர்ச்சி ஒரு கூடையின் ஒரு பட்டையாகிறது. அந்த மரத்தையும் வண்டு விடவில்லை. விதைகளைச் சேகரித்து வைக்கிறார்கள். வெட்டிய அடிமரங்களை மாதக்கணக்கில் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைக்கிறார்கள். புழுவும் சாகும், மரமும் காயாது.

எனக்கு மீந்த பலமாகத் தெரிவது, கூடை முடைபவருக்கு ஒன்றுமே இல்லை. செத்து நின்று காய்ந்த ஆஷ் என் கணப்புக்கு அருமையான விறகு. அவருக்கு அது வெறும் கட்டை. அதிலிருந்து ஒரு நாடாவும் உரியாது. அவருக்கு மரம் உயிரோடு இருக்கும்போதே வேண்டும், நேராக, முண்டில்லாமல். நான் காத்திருந்து எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மரமும், காத்திருந்ததாலேயே அவருக்கு இல்லாமல் போன மரம். இதை, அப்படிக் கூடை முடையும் ஒரு குடும்பத்து மூதாட்டி என்னிடம் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. மரம் எப்படி இருக்க வேண்டும் என்று விளக்கும்போது போகிற போக்கில் சொன்னார். 'கழிவு', 'உபரி', 'மீதி' என்று நான் இத்தனை நாள் நிம்மதியாக எண்ணிக்கொண்டிருந்ததில் பாதி அன்றைக்குக் கலைந்தது. ராணுவம் டிரெய்லரை வேண்டாம் என்றபோது வேறு யாருடைய கையிலிருந்தும் அது பிடுங்கப்படவில்லை. மரங்களின் கணக்கு அப்படியில்லை.

சதுப்பில் துளை விழாமல் நின்ற கருப்பு ஆஷில் இரண்டை, மண் உறைந்த பிறகு, அவருடைய பேரன்கள் வந்து வெட்டினார்கள். பத்தடி நீளத் துண்டுகள். என் பெட்டி எட்டடிதான், பின்கதவைத் திறந்து வைத்து இரண்டடி வெளியே நீள விட்டோம். பின்பாரம் ஏறி இழுசட்டம் லேசாகத் தூக்கியது. முன்மூலையில் பிளந்த ஓக் விறகை வளையம் கொக்கியில் அழுந்தும்வரை அடுக்கி, நுனியில் சிவப்புத் துணி கட்டி, அவர்கள் குளத்துக்குக் கொண்டுபோனோம். மரம் தண்ணீருக்குப் போனது, அந்த ஓக் விறகு அவர்கள் கணப்புக்கு. அடுத்த வசந்தத்துக்குள் சதுப்பில் மிச்சம் உள்ளவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எந்தெந்த மரம் என்று இப்போதே நாடா கட்டி வைத்திருக்கிறேன்.